பெரியவர்கள் லெகோ டெக்னிக்கில் வண்டிகள் கட்டத் தொடங்குவது எப்படி? பெரிய பெட்டிதான் வாங்க வேண்டுமா?

நான் 38 வயதில் தொடங்கினேன். குன்னூரில் இருக்கிறேன், தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. ஆறு வருடமாக ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் இதுதான். அதனால் வயதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பெட்டியைப் பற்றிக் கேட்டால், பெரியது வேண்டாம் என்பேன். நீங்கள் தினமும் பார்க்கிற வண்டி ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கியரைக் கட்டுங்கள். பாடி, பெயின்ட் நிறம், கதவு எல்லாம் அப்புறம் வரட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: லெகோ டென்மார்க்கின் பில்லுண்ட் ஊர்க் கம்பெனி. 1958-ல்தான் கட்டைகள் இப்போதிருக்கிற மாதிரி கெட்டியாகக் கவ்விப் பிடிக்கத் தொடங்கின. 1977-ல் கியர், அச்சு, ஓட்டை போட்ட நீளக் கட்டைகள் என்று ஒரு தனி வரிசை வந்தது. 1984 முதல் அதற்கு டெக்னிக் என்று பெயர். வீடு, கோட்டை கட்டுகிற கட்டைகள் வேறு, இது வேறு. இதில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், சக்கரம் உருண்டால் பிஸ்டன் ஏறி இறங்கும்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்தது மெக்கானிக்ஸ். இரும்புப் பட்டை, நட்டு, போல்ட். கிரேன் கட்டியிருக்கிறேன், லாரி கட்டியிருக்கிறேன். ஆனால் குன்னூர் ஈரத்தில் ஒரு ஐப்பசி மழை போனால் போல்ட்டெல்லாம் துரு ஏறிவிடும், திருப்புளி வழுக்கும். இந்தப் பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே பார்த்துக்கொள்ள வேண்டியது இரண்டு. பேட்டரிப் பெட்டியில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள், மழை மாதத்தில் தகடு பச்சை பூத்துவிடும். வெள்ளை, சாம்பல் கட்டைகளை ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள், மஞ்சளாகிவிடும்.

சரி, கியருக்கு வருகிறேன். எனக்குக் கியர் புரிந்தது மாமாவால்தான். அம்மாவின் அண்ணன், 30 வருடம் மேட்டுப்பாளையம் காட் ரோட்டில் லாரி ஓட்டியவர். நான் கட்டிய முதல் லாரிக்கு மோட்டாரின் அச்சையே பின்சக்கரத்துக்கு நேராகக் கொடுத்திருந்தேன். தரையில் பறந்தது. 60 செ.மீ. பலகையின் ஒரு முனையை 15 செ.மீ. தூக்கிவைத்து ஏற்றிப் பார்த்தேன். அடியிலேயே முனகிக்கொண்டு நின்றுவிட்டது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் மாப்ளே, பர்லியார்ல டாப் கியர் போட்டா எந்த வண்டி ஏறும்?” என்றார்.

அன்று ராத்திரியே மோட்டார்ப் பக்கம் 8 பல் கியர், சக்கரப் பக்கம் 24 பல் கியர் போட்டேன். மோட்டார் மூன்று சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. வேகம் மூன்றில் ஒரு பங்காகும், இழுவை ஏறக்குறைய மூன்று மடங்கு. இன்னொரு ஜோடி 8-க்கு 24 சேர்த்தால் கணக்குக்கு ஒன்பது மடங்கு. உராய்வில் கொஞ்சம் போகும், இருந்தாலும் வண்டி ஆமை மாதிரி நிதானமாக ஏறி மேலே வந்தது. மாமா அதைக் கீழே இறக்கச் சொன்னார், அதே கியரில். “ஏறுன கியர்லயே எறங்கணும்” என்பது அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லோருக்கும் பாடம். மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்தால் வண்டி உருண்டோடவில்லை, மோட்டாரின் இறுக்கமே அதைப் பிடித்து வைத்தது. வார்ம் கியர் போட்டால் இன்னும் தெளிவு. திருகு மாதிரி இருக்கும் அது 24 பல் கியரை ஒரு சுற்றுக்கு ஒரு பல்தான் தள்ளும். சக்கரப் பக்கமிருந்து எவ்வளவு தள்ளினாலும் திரும்பாது. வளைவில் லாரி நின்றால் கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவாரே, அந்தக் கட்டை கியருக்குள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலும் ஒரு தப்பு செய்தேன். இரண்டு ஜோடிக் கியரையும் மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கிருந்து நீள அச்சு ஒன்றைப் பின்சக்கரம் வரை கொண்டுபோனேன். ஒன்பது மடங்கு முறுக்கு முழுவதும் அந்த மெல்லிய அச்சில் விழுந்தது. கழற்றிப் பார்த்தால் சிலுவை வடிவ அச்சு, முறுக்கிய கயிறு மாதிரி திரும்பியிருந்தது. கடைசி ஜோடியைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் மாற்றினேன். இப்போது நீள அச்சுக்கு மூன்று மடங்குதான் சுமை. நிஜ லாரியில் கிரவுன், பினியன் என்கிற கடைசிக் கியர் ஜோடி பின்சக்கரங்களுக்கு நடுவில் ஏன் இருக்கிறது என்று பல வருடம் பார்த்தும் நான் கேட்டுக்கொண்டதே இல்லை. அச்சு முறுக்கிக்கொண்ட அன்றுதான் கேட்டேன்.

அடுத்துக் கட்டவேண்டியது டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற கியர்க் கூடு. மலையில் இருப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் வண்டி பாதி வட்டம் திரும்புகிறது. இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் என்றால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 4.7 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு பெரிதானாலும் சின்னதானாலும் இந்த வித்தியாசம் மாறாது, இடைவெளியை 3.14-ஆல் பெருக்கினால் போதும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் இப்படி 36 வளைவு. என் மாடலில் சக்கர இடைவெளி 12 ஓட்டை. ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் 8 மி.மீ., ஆக 96 மி.மீ. ஒரு வளைவுக்கு 30 செ.மீ. வித்தியாசம். அந்தச் சின்னச் சக்கரத்துக்கு அது இரண்டு சுற்றுக்கும் மேல்.

முதலில் டிஃபரன்ஷியல் இல்லாமல், ஒரே அச்சில் இரண்டு பின்சக்கரத்தையும் மாட்டி வீட்டுத் தரையில் திருப்பிப் பாருங்கள். உள்பக்க டயர் இழுபட்டுத் தரையில் கறுப்புக் கோடு போடும். அப்புறம் டிஃபரன்ஷியலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுக்குள்ளே மூன்று 12 பல் கியர்கள், அவ்வளவுதான். கூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தை முன்னால் சுற்றினால் இன்னொன்று அதே அளவு பின்னால் சுற்றும். இதை முதல்முறை பார்த்தபோது நான் கால் மணி நேரம் வேறு எதுவும் செய்யாமல் அதையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் மேஜையில் இருப்பது மலை ரயில். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வந்த பாதை அது. கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஏறக்குறைய ஒரு அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் பட்டை போட்டிருக்கிறார்கள், என்ஜினுக்கு அடியிலிருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் 1882-ல் காப்புரிமை பெற்ற முறை. இதில் பட்டை ஒன்று அல்ல, இரண்டு. பக்கத்துப் பக்கத்தில், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம் வருகிற மாதிரி அரைப் பல் தள்ளி வைத்திருப்பார்கள். ஒரு பட்டையில் பல் விலகும் நேரத்தில் மற்றதில் முழுதாகக் கவ்வியிருக்கும். குன்னூர் ஸ்டேஷனில் எத்தனையோ முறை அதைத் தாண்டி நடந்திருக்கிறேன், உட்கார்ந்து பார்த்தது மாடல் கட்டத் தொடங்கிய பிறகுதான்.

லெகோவில் 4 குமிழ் (கட்டையின் மேலிருக்கும் மொட்டு) நீளத்துக்கு ஒரு பல் பட்டை உண்டு, அதில் 10 பல். அப்படியானால் ஒரு குமிழுக்கு இரண்டரைப் பல். இரண்டு வரிசை போட்டு, ஒரு வரிசையை ஒரே ஒரு குமிழ் தள்ளி வைத்தேன். அரைப் பல் வித்தியாசம் தானாக வந்துவிட்டது. சந்தோஷம் அங்கே நின்றது. மேலே ஓடும் இரண்டு 8 பல் கியர்களையும் அரைப் பல் தள்ளி வைக்க வேண்டுமே. ஒரே அச்சில் மாட்டினால் நடக்காது. சிலுவை அச்சில் கால் சுற்றுதான் திருப்பி மாட்ட முடியும், 8 பல்லுக்குக் கால் சுற்று என்றால் சரியாக இரண்டு பல், பழைய நிலைக்கே வந்து நிற்கும். மூன்று வாரம் இதிலேயே போனது.

கடைசியில் அச்சைப் பிரித்தேன். இடது பட்டைக்கு ஒரு அச்சு, வலது பட்டைக்கு நான்கு ஓட்டை தள்ளி இன்னொரு அச்சு. இரண்டிலும் 16 பல் கியர், நடுவே இணைக்க மூன்றாவது 16 பல் கியர். 16 பல்லில் ஒரு பல் மாற்றிக் கோத்தால் சுற்றில் பதினாறில் ஒரு பங்கு திரும்பும். 8 பல் கியருக்கு அதுதான் சரியாக அரைப் பல்! ஒரு பல்லைத் தாண்டிக் கோத்துப் பட்டைமேல் வைத்துத் தள்ளினேன். அதுவரை டக் டக் என்று குதித்துக்கொண்டிருந்தது, வழுவழுவென்று ஓடியது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவளும் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.

இதற்கெல்லாம் நான் பயன்படுத்தியது நடுத்தர அளவு பெட்டி இரண்டு, தனியாக வாங்கிய கியர்கள், பட்டைகள், பழைய ரயில் பெட்டி ஒன்று. ஆயிரக்கணக்கில் துண்டுகள் வரும் பெரிய பெட்டிகள் விலையும் அதிகம், படத்தைப் பார்த்துப் பார்த்துக் கோத்து முடித்தபின் எந்தக் கியர் எதற்கு என்பது நினைவில் நிற்பதில்லை. முதல் வாங்கலில் 8, 16, 24, 40 பல் கியர் சில ஜோடி, டிஃபரன்ஷியல் ஒன்று, வார்ம் கியர் ஒன்று இருந்தால் போதும். 8-ம் 24-ம் இரண்டு ஓட்டை இடைவெளியில் சரியாகக் கோக்கும், 8-ம் 40-ம் மூன்று ஓட்டையில். கட்டைகளை ஓட்டை வழியாக இணைக்கும் பின்களில் கறுப்பு இறுகப் பிடிக்கும், சாம்பல் லேசாகச் சுழலும். இரண்டையும் கலந்து கொட்டி வைக்காதீர்கள். சுழல வேண்டிய இடத்தில் கறுப்பு மாட்டிவிட்டு மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் இழந்திருக்கிறேன்.

ரயில் 60 செ.மீ. பலகையில், ஒரு முனைக்குக் கீழே 5 செ.மீ. அண்டை கொடுத்து, ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. நிஜத்திலும் என்ஜின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளித்தான் ஏறும், கொக்கி விட்டால் பெட்டி கீழே ஓடிவிடக் கூடாது என்பதற்காக. இறங்கும்போதுதான் இன்னும் தடுமாறுகிறது. அங்கே ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்குக்கு ஒருவர் நிற்பார். என் பெட்டிக்குப் பிரேக் இன்னும் கட்டவில்லை, இந்த வாரம் அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மாமா இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார்.