கொக்கு பார்க்க ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: டோக்கியோவுக்குப் பக்கத்தில் சைத்தாமாவில் வேலை பார்க்கிறேன். ஜனவரியில் திருநெல்வேலியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பாவுக்குப் பறவைகள் என்றால் உயிர், வருஷம் தவறாமல் கூந்தன்குளம் போவார். ஜப்பான் கொக்குகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். 67 வயது, முழங்கால் வலி உண்டு. நம்மூர்க்காரர் ஒருவர் இங்கே டூர் நடத்துகிறார். ஹொக்கைடோவுக்கு மூன்று நாள், ஒருவருக்கு 1,40,000 யென், கொக்கும் மீன் ஆந்தையும் கேரண்டி என்கிறார். முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். இந்தத் தடவை ஹொக்கைடோவே வேண்டாம். கியூஷூ தீவில், ககோஷிமா மாகாணத்தில் இருக்கிற இசுமி ஊருக்குக் கூட்டிப்போங்கள்.

முதலில் அந்த 'கேரண்டி'யைப் பார்ப்போம். ஹொக்கைடோவில் இருப்பது தலையில் சிவப்புத் திட்டு உள்ள டன்ச்சோ கொக்கு. ஒரு காலத்தில் அழிந்தே போனது என்று நினைத்தார்கள். 1924இல் குஷிரோ சதுப்பு நிலத்தில் பத்துப் பதினைந்து பறவைகள் மிஞ்சியிருந்தது தெரிந்தது. 1952இல் எண்ணியபோது 33. அந்தச் சமயத்தில் உள்ளூர் விவசாயிகள் பனிக்காலத்தில் சோளம் போட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு 1,500க்கும் மேல் இருக்கின்றன. குஷிரோவுக்கு வடக்கே ட்சுருய் கிராமத்தில் இன்றும் குளிர்காலம் முழுக்கத் தீனி போடுகிறார்கள், அதனால் கொக்குகள் அங்கே வந்து நிற்கின்றன. சாலையோரத்தில் நின்று யாரும் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. விவசாயிகள் எழுபது வருஷமாகக் காப்பாற்றி வைத்திருப்பதைத்தான் ஏஜென்ட் தன் கேரண்டி என்று விற்கிறார்.

மீன் ஆந்தை விஷயம் இன்னும் மோசம். ஹொக்கைடோவில் மொத்தமே சுமார் 200தான் இருக்கும் பறவை அது. இரவில் ஓடையோரம் மீன் பிடித்துத் தின்னும். அதைக் குறிப்பிட்ட நேரத்தில் ஒருவர் உங்களுக்குக் காட்ட முடிகிறது என்றால், உயிர் மீனை விட்டு விளக்கைப் போட்டு வரவழைக்கிறார், அல்லது பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு ஏமாற்றி வரவழைக்கிறார் என்று அர்த்தம். கூடு கட்டும் காலம் நெருங்கும்போது வேற்று ஆந்தையின் குரல் கேட்டால் அது வேட்டையை விட்டுவிட்டு எல்லையைக் காக்க ஓடும். இப்படிப்பட்ட காரியத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். எந்தப் பறவையாக இருந்தாலும் சரி, 'போட்டோ நிச்சயம்' என்று ஒருவர் சொன்னால், எப்படி நிச்சயம் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

இன்னொரு பொறி: ஊரில் இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துக்கொண்டு வந்து நீங்களே கார் ஓட்டலாம் என்று இதே ஆட்கள் சொல்வார்கள். இங்கே குடியிருப்போராகப் பதிவு செய்துவிட்டு, ஊருக்குப் போய் மூன்று மாதம் ஆவதற்குள் திரும்பி வந்தவர்களுக்கு அந்த பெர்மிட் செல்லாது. பிடிபட்டால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. அதோடு ட்சுருய் பக்கம் ஜனவரியில் சாலையெல்லாம் பனிக்கட்டி. முழங்கால் வலிக்காரருக்கு நடப்பதும் கஷ்டம்.

இசுமியில் இந்தத் தொல்லைகள் இல்லை. பனி அபூர்வம். ககோஷிமா-சூவோ ஸ்டேஷனிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், மிசுஹோ என்ற ரயில் இங்கே நிற்காது. இதற்கென்று யாராவது நாடு முழுவதுக்குமான ரயில் பாஸை உங்கள் பெற்றோர் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸை 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். ககோஷிமா விமான நிலையம் வரை பறந்து வந்து, அங்கிருந்து இசுமிக்குப் பஸ் பிடிப்பது எளிது. இசுமி ஸ்டேஷனிலிருந்து கொக்கு பார்வை மையத்துக்கு டாக்சியில் இருபது நிமிடம்.

அங்கே என்ன பார்க்கலாம்? குளிர்காலத்தில் 10,000க்கும் மேற்பட்ட கொக்குகள். பெரும்பாலும் சாம்பல் உடம்பும் வெள்ளைக் கழுத்துமான நபேசுரு. கண்ணைச் சுற்றிச் சிவப்பாக, அதைவிட உயரமாக நிற்பது மனாசுரு. நெல் அறுத்த வயல்களில் ஆழமில்லாமல் தண்ணீர் கட்டி வைத்திருப்பார்கள், கொக்குகள் இரவில் அதில் நின்று தூங்கும். ஜனவரியில் அங்கே சூரியன் ஏழேகாலுக்கு மேல்தான் உதிக்கும். அதற்கு அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். வெளிச்சம் வரும் நேரத்தில் தானியம் போடுவார்கள், கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு எழும். மையம் திறந்ததும் அப்பாவை அதன் மாடியில் உட்கார வைத்தால் போதும். ஒன்பது மணிக்கு மேல் அவை குடும்பம் குடும்பமாக வயல்களில் பிரிந்து மேயும். இரண்டு பெரியவைக்கு நடுவே தலை பழுப்பு மஞ்சளாகத் தெரிவது அந்த வருஷக் குஞ்சு. மின்கம்பிகளில் கறுப்பாக வரிசை கட்டுவது வேற்று நாட்டிலிருந்து வந்த காக்கைகள், அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜனவரி கடைசியிலேயே தெளிந்த நாள் பார்த்து மனாசுரு வடக்கே கிளம்ப ஆரம்பிக்கும், ஆகவே மாதத்தின் முதல் பாதி நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் ஏமாற்றமாக முடிய ஒரு காரணம் உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பறவைக் காய்ச்சல். 2022-23 குளிர்காலத்தில் இசுமியில் 1,000க்கும் மேற்பட்ட கொக்குகள் செத்துப்போயின. அந்த ஊரைச் சுற்றிலும் கோழிப் பண்ணைகள் நிறைய. அதனால் தொற்று தெரிந்த உடனே சாலைகளை மூடலாம், பார்வை மையத்தையும் மூடலாம். திறந்திருந்தாலும் வண்டிச் சக்கரத்துக்கும் செருப்புக்கும் கிருமிநாசினி உண்டு, கோபப்படாமல் செய்துகொள்ளுங்கள். வரப்பில் இறங்காதீர்கள், செத்த பறவையைத் தொடாதீர்கள். பெற்றோர் கோழிப்பண்ணைக்குப் போட்ட செருப்போடு வரக் கூடாது. அறிவிப்பு முதலில் ஜப்பானிய மொழியில்தான் வரும். அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் தங்கும் விடுதிக்காரரிடம் சொல்லி மையத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பதிவு செய்யுங்கள்.

உலகத்து நபேசுருக்களில் சுமார் 80 சதவீதம் இந்த ஒரே சமவெளியில் வந்து அடைகின்றன. ஒரு நோய் வந்தால் என்ன ஆகும் என்று பல வருஷமாக எல்லோருக்கும் தெரியும். வேறு ஊர்களிலும் வயல்களில் தண்ணீர் நிறுத்தி இவற்றைப் பிரித்துவிட வேண்டும் என்ற பேச்சும் அன்றிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. யமகுச்சி மாகாணத்து யஷிரோவில் 1940இல் 355 கொக்குகள் வந்தன, இப்போது பத்துப் பதினைந்து வந்தாலே பெரிது. 2006இலிருந்து இசுமியில் காயம் ஆறிய கொக்குகளை அங்கே கொண்டுபோய் விடுகிறார்கள். நல்ல வேலைதான், ஆனால் அவ்வளவு பெரிய ஆபத்துக்கு இது போதாது. அரசாங்கம் குழு போடுகிறது, அறிக்கை எழுதுகிறது, வயல் வாடகைக்குப் பணம் மட்டும் வருவதில்லை. உங்கள் 2,80,000 யென்னைப் பற்றிப் பேசும்போது எனக்கு அந்த வயல்கள்தான் ஞாபகம் வருகின்றன.

முன்பணம் ஏற்கனவே கொடுத்திருந்தால், ரசீதும் ரத்து விதியும் எழுத்தில் கேளுங்கள். ஜப்பானில் டூர் விற்பவர் பயண முகமைப் பதிவு எண் வைத்திருக்க வேண்டும். எண் இல்லை என்றால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு அந்த வாரமே முடித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் காலை வேளைக்கு ஒரு நல்ல கம்பளிக் குல்லாய் வாங்கி வையுங்கள். வயல்வெளிக் காற்று பலமாக இருக்கும்.