சீட் பெல்ட்டைக் கண்டுபிடித்தது யார்? மெதுவாகப் போகும் மலைப்பாதையிலும் அது தேவையா?

குன்னூரில் டாக்ஸி ஓட்டுகிறேன். இந்தக் கேள்வியின் இரண்டாவது பாதியை மேட்டுப்பாளையத்தில் ஏறும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "முப்பதுலதானே போறோம், பெல்ட் எதுக்குண்ணா?"

முதல் பாதிக்குப் பதில், இன்று நாம் மாட்டும், இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் என்றால், நில்ஸ் போலின். ஸ்வீடன்காரர். சாப் நிறுவனத்தில், ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். 1958இல் வோல்வோவுக்கு வந்தார். மறு வருடம் ஆகஸ்டிலேயே அவருடைய பெல்ட்டோடு முதல் கார் விற்பனையானது.

பெல்ட் அதற்கு முன்பும் இருந்தது. இடுப்பை மட்டும் கட்டும் பெல்ட்டில், மோதும்போது உடம்பு முன்னால் மடங்கித் தலை ஸ்டியரிங்கில் போய் அடிக்கும். தோளையும் சேர்த்துக் கட்டும் பெல்ட்டுக்கு 1955லேயே அமெரிக்காவில் காப்புரிமை உண்டு. ஆனால் அதன் பக்கிள் வயிற்றுக்கு நேராக வரும். போலின் அந்தப் பக்கிளை இடுப்புக்குப் பக்கவாட்டில், கீழே இறக்கினார். இழுவை வயிற்றில் விழாமல் இடுப்பெலும்பிலும் நெஞ்சுக்கூட்டிலும் விழுகிறது. ஒரே கையால் மாட்டிவிடலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். மாட்டச் சிரமமாக இருந்தால் எவன் மாட்டுவான்? காப்புரிமையை வோல்வோ மற்ற கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டது.

சரி, மலைக்கு வருவோம். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பாறையில் மோதுவது, மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கிட்டத்தட்ட முதல் மாடி. பின் சீட்டில் இருப்பவருக்கும் இதே கணக்குதான். இன்னொன்று, கொண்டை ஊசி வளைவில் உடம்பு சரியாமல் பெல்ட் பிடித்துக்கொள்வதால், என் கைக்கு ஸ்டியரிங்கைத் திருப்புகிற வேலை மட்டும்தான்.

அப்புறம், எங்கள் ஊர்ப் பக்கம் அடிக்கடி வரும் புகார்: "அண்ணா, பெல்ட் ரிப்பேர், இழுத்தா வரமாட்டேங்குது." ரிப்பேர் எல்லாம் இல்லை. இப்போதைய பெல்ட் சுருளுக்குள் ஒரு சின்னக் குண்டு இருக்கும். சடன் பிரேக்கில் அது நகர்ந்து சுருளைப் பூட்டும். வண்டி செங்குத்தான சரிவில் நின்றாலும் அதே குண்டு உருண்டு பூட்டிவிடும். போன மாதம் கோத்தகிரியில் ஒரு பெரியவர், பெல்ட் வராததால் வேறு வண்டி கேட்டு இறங்கியே விட்டார். பத்தடி முன்னால் சமதளத்தில் நிறுத்தி, "இப்ப இழுங்கய்யா" என்றேன். வந்துவிட்டது.