அது எப்படி வேறு விஷயம்?

கேள்வி: தக்கலை பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர் அனிமேஷன் போட்டிக்குக் குலசேகரத்து நண்பனோடு சேர்ந்து பெயர் கொடுத்திருக்கிறேன். 3 நிமிடப் படம். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் ஓடும் கால்வாய்த் தண்ணீரில் ஒரு காகிதக் கப்பல் போகிற கதை. கதை அவனுடையது. கப்பலையும் பையனையும் நான் வரைகிறேன், பின்னணி ஓவியங்கள் அவன் பொறுப்பு. இரண்டு வாரமாக ஒன்றுகூட வரவில்லை. ராத்திரி போன் எடுப்பதில்லை, ‘முடிஞ்சுதா?’ என்று மெசேஜ் போட்டாலும் பதில் இல்லை, வகுப்பில் தூங்குகிறான். பொறுப்பில்லாதவன். அவன் அப்பாவுக்குத் தோளில் அடிபட்டு, இப்போது இவன்தான் ரப்பர் வெட்டப் போகிறான், அது வேறு விஷயம். கடைசித் தேதிக்கு 5 வாரம்தான் இருக்கிறது. அவனை விட்டுவிட்டு நானே முடித்து, என் பெயரில் மட்டும் அனுப்பலாமா?

பதில்: தம்பி, உன் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அவன் போன் எடுக்காததை மூன்று இடத்தில் எழுதியிருந்தாய். அப்பா அடிபட்டுக் கிடப்பதற்கு ஒரே ஒரு வரி. அதற்கும் ஒரு வால்: ‘அது வேறு விஷயம்.’ எப்படி வேறு விஷயம்? நீ கேட்டதற்கெல்லாம் பதில் அந்த வரியில்தானே கிடக்கிறது?

ரப்பர் வெட்டு என்றால் என்ன என்று குலசேகரத்துப் பையனின் கூட்டுக்காரனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் விடியும் முன்னாலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்க வேண்டும். 300 மரம் என்று வைத்துக்கொள். ஒவ்வொன்றிலும் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும்; கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், இவனுக்குத் திட்டு. அப்புறம் திரும்பவும் அத்தனை மரத்துக்கும் நடந்து, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடிக்க வேண்டும். இவ்வளவையும் முடித்துக் குளித்து, பஸ் பிடித்து, உன் பக்கத்தில் வந்து உட்கார்கிறான். தூங்காமல் என்ன செய்வான்?

என் அண்ணன் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு வருஷம் இப்படித்தான் போனான். விரல் இடுக்கில் காய்ந்த பால் தோல் மாதிரி உரியும். நானும் தங்கையும் அதை உரித்து உருண்டை பிடித்து விளையாடுவோம். சோற்றில் கை வைத்தபடியே அவன் கண் அசந்துவிடுவான். கூடப் படித்தவர்களில் ஒருத்தர்கூட எங்கள் வாசலில் வந்து நின்றதில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அதில் கொஞ்சம் உன் மேல் விழுகிறது, விழட்டும்.

அப்பா கீழே வைத்த கத்தியை எடுத்துக்கொண்டு போகிற பிள்ளையைப் பொறுப்பில்லாதவன் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? பொறுப்பு என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தமே அவன் செய்கிற வேலைதான். அவன் பேரிலும் தப்பு உண்டு. ‘மக்கா, எனக்கு முடியல’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அனுப்பியதெல்லாம் ‘முடிஞ்சுதா?’ என்ற மெசேஜும், அதற்குக் கீழே வெறும் கேள்விக்குறியும். அதற்கு யார் மனசுவிட்டுப் பதில் போடுவார்கள்?

சரி, படத்துக்கு வருவோம். கணக்குப் போட்டாயா? நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படம் ஓட வேண்டும். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம், 3 நிமிடத்துக்கு 2,160. அவன் வெட்டுக்குப் போகாமல் முழு நேரமும் உட்கார்ந்தாலும் இரண்டு பேருக்கு இது பெரிய சுமைதான். விதிமுறை இடம் கொடுத்தால் ஒன்றரை நிமிடமாகக் குறை, பாதி சுமை இறங்கிவிடும். பாலத்துக்கு 28 தூண் என்று அத்தனையையும் அவன் தலையில் கட்டாதே. ஒரு தூணை அவன் நன்றாக வரைந்து கொடுக்கட்டும். நகல் எடுத்து, தூரம் போகப் போகச் சின்னதாக்கி அடுக்குவது உன் வேலை. கப்பலின் ஆட்டத்தையும் ஒரு சுற்று வரைந்து திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பின்னணியை மட்டும் நகர்த்து. மழை வலுத்தால் வெட்டு இருக்காது. எந்தெந்த நாள் அவனுக்கு ஓய்வு என்று அவனிடமே கேட்டு, அந்த நாட்களில் சேர்ந்து உட்காருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் வேண்டாம்.

கதை அவனுடையது என்று நீயே எழுதிவிட்டு, உன் பெயரில் மட்டும் அனுப்பலாமா என்று என்னிடம் கேட்கிறாய். அதற்கு ஊரில் வேறு பேர் இருக்கிறது. பத்திரிகையில் போட வேண்டாம் என்று விடுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போ. வெறுங்கையோடு போகாதே, ஒரு சீப்பு மட்டிப்பழமாவது வாங்கிக்கொள். முதலில் அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தோள் எப்படி இருக்கிறது என்று கேள். லேப்டாப்பை அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.