மொழித் தேர்வுப் பரிசும் தாய்மொழியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேசுவோம். மகன் பத்தாவது வரை தமிழை முதல் மொழியாகப் படித்து, இப்போது பிளஸ் ஒன். தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு எழுதலாமா? – அம்மாபேட்டை

தாராளமாக எழுதலாம். அந்தத் தேர்வுக்குத் தாய்மொழி தடையே இல்லை. தமிழ்நாட்டில் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பிளஸ் ஒன் படித்தால் போதும். சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ பிள்ளைகளும் எழுதலாம். கேள்விகள் பத்தாம் வகுப்புத் தமிழை ஒட்டித்தான் வரும். 1500 பேரைத் தேர்ந்தெடுத்து, மாதம் 1500 ரூபாய் வீதம் இரண்டு வருடம் தருகிறார்கள். பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு, மீதி எல்லோருக்கும் பொது. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும், கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: மகள் ஹிந்தியில் நல்ல மார்க் எடுக்கிறாள். பரிசு கிடைக்குமா? – சூரமங்கலம்

எந்தத் தேர்வு, யார் நடத்துகிறார்கள், மகள் என்ன வகுப்பு, வீட்டில் என்ன மொழி? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் என்ன பதில் சொல்வது? விதித்தாளை முழுதாகப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: மகள் பிறந்தது ஒசாகாவில். நான்கு வயது வரை அங்கே இருந்தாள். இப்போது ஏற்காட்டில் விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) எழுதினால் 'ஜப்பானிய மொழிக்காரர்' என்று தள்ளிவிடுவார்களா? – அழகாபுரம்

மாட்டார்கள். ஜப்பானியம் தாய்மொழியாக இல்லாத யாரும் எழுதலாம். பிறந்த ஊரையோ பாஸ்போர்ட்டையோ வைத்து இதை முடிவு செய்வதில்லை. உங்கள் வீட்டு மொழி தமிழ்தானே? அப்படியானால் கவலை வேண்டாம். சென்னையிலேயே மையம் உண்டு.

கேள்வி: எங்கள் குடும்பம் புதுச்சேரி, பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. வீட்டில் தமிழ்தான். மகன் டெல்ஃப் (பிரெஞ்சு மொழித் தகுதித் தேர்வு) எழுதலாமா? பள்ளியில் பிரெஞ்சுப் பாடப் பரிசும் வாங்கலாமா? – ஏற்காடு

இரண்டும் வேறு வேறு. டெல்ஃப் அடிப்படையில் வெளிநாட்டினருக்கானது. ஆனால் பிரெஞ்சு பேசாத நாட்டிலிருந்து வரும் பிரெஞ்சுக் குடிமக்கள், பிரான்ஸ் அரசின் மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழோ பட்டமோ பெறாதவர்களாக இருந்தால், அவர்களும் எழுதலாம். நான்கு பகுதி, மொத்தம் 100, தேற 50. எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. பள்ளிப் பரிசு பள்ளியின் விதிப்படி. அதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் மலைக் கிராமத்து ஒன்பதாம் வகுப்பு மாணவி தமிழ்த் தேர்வுப் போட்டி ஒன்றில் முதலாவதாக வந்தாள். சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்று இருந்ததால் தாய்மொழி மலையாளம் என்று பதிவாகி, 'பிற மொழியினர்' பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பிரிவுக்குப் பரிசு இல்லையாம். – ஓர் ஆசிரியர், ஏற்காடு

படித்ததும் வயிறு எரிந்தது. சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிகள் பேசுவது தமிழ். கேரளத்து மலையாளத்தோடு அவர்களைச் சேர்ப்பது அறியாமை. சேலம், தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் சமூகம் இது. 2011 கணக்கெடுப்பில் சுமார் மூன்றரை லட்சம் பேர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்கள்தான் அதிகம். மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு இது தெரியாது என்றால் எப்படி?

தப்பு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். ஆன்லைன் படிவத்தில் 'தாய்மொழி' கட்டத்தை அழுத்தினால் பட்டியல் விரியும். பிரவுசிங் சென்டரில் இருப்பவர் சான்றிதழில் 'மலையாளி'யைப் பார்த்து, பட்டியலில் 'மலையாளம்' என்பதைத் தட்டி, பெற்றோருக்குக் காட்டாமலே அனுப்பிவிடுகிறார். அப்புறம் அதுவே எல்லாப் பதிவிலும் ஏறிவிடும்.

முதலில் பள்ளியின் எமிஸ் (கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் விவரத் தொகுப்பு) பதிவில் தாய்மொழி என்னவென்று பாருங்கள், தவறென்றால் இன்றே திருத்துங்கள். தலைமையாசிரியர் கையெழுத்தோடு, முதல் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்த விவரத்தை எழுதிப் போட்டி நடத்தியவர்களுக்கு அனுப்புங்கள். அதில் ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: பிரிவை முடிவு செய்ய வேண்டியது தேர்வுக்கு முன்பா, மதிப்பெண் வந்த பிறகா? மதிப்பெண் வந்த பிறகு ஒரு குழந்தையைப் பிரிவு மாற்றுவதை நான் எந்தப் போட்டியிலும் ஏற்க மாட்டேன். விண்ணப்பத்தை வாங்கியபோது கேட்கத் தோன்றாத கேள்வி, மேடையில் கோப்பை அடுக்கும்போது மட்டும் ஏன் தோன்ற வேண்டும்? சாதிச் சான்றிதழை வைத்து மொழியை முடிவு செய்யாதீர்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்தப் பெண்ணுக்கு உரிய பரிசு போய்ச் சேரும் வரை விடாதீர்கள். பதில் கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: பேத்தி கலிபோர்னியாவில் பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறாள், வீட்டில் தமிழ். எதற்குப் பரிசு? – ஃபேர்லேண்ட்ஸ்

இரண்டுக்கும் வழி உண்டு. அங்கே ஸ்பானிஷ் ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியத் தேர்வில், வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு. பேத்தி வகுப்பில் மட்டும் கற்றவள் என்றால் பொதுப் பிரிவு. தமிழுக்கு, கலிபோர்னியா மாநில அரசு 2012 முதல் தரும் இருமொழித் தகுதி முத்திரை இருக்கிறது. வீட்டில் கற்ற மொழி என்பதற்காக யாரையும் ஒதுக்குவதில்லை, ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியில் தேர்ச்சியைக் காட்டினால் போதும். அவள் பள்ளியில் இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஹிந்திப் போட்டியில் ஒவ்வொரு வருடமும் வடநாட்டு வியாபாரிகளின் பிள்ளைகளே ஜெயிக்கிறார்கள். அவர்களைச் சேர்க்காமல் விடலாமா? – செவ்வாய்ப்பேட்டை

விடக் கூடாது. இரண்டு பிரிவாக நடத்துங்கள், இரண்டுக்கும் ஒரே மதிப்புள்ள பரிசு கொடுங்கள். படிவத்தில் மூன்று கேள்வி போதும்: வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், ஹிந்தி வழியில் எத்தனை வருடம் படித்தீர்கள், ஹிந்தி பேசும் ஊரில் எத்தனை வருடம் இருந்தீர்கள். பெயரையோ சாதியையோ பார்த்து ஊகிக்காதீர்கள். பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். பிரிவுப் பட்டியலைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே ஒட்டிவிடுங்கள், ஆட்சேபம் இருந்தால் அப்போதே வரட்டும்.