வெள்ளைக்கல்லும் பேதி உப்பும்

அன்புள்ள ஐயா,

ஓமலூர் பக்கம் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். கார்பனேட்டும் அமிலமும் சேர்ந்து உப்பாவதைக் காட்ட நம் ஊர் வெள்ளைக்கல்லையே எடுத்தேன். நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டால் நுரைக்கவே இல்லை. மறுநாள் பொடித்துப் போட்டேன். அடியில் தூள் மிஞ்சியதும் வடிகட்டிக் காய்ச்சினேன். படிகம் வரவில்லை, பிசுபிசுப்பாக ஏதோ தங்கிப் புகைந்தது. தெறித்த இடத்தில் துணி பொத்தலாகிவிட்டது. எங்கே தவறினேன்?

அன்புள்ள ஆசிரியைக்கு,

கை தப்பியதே பெரிது. முதலில் அந்த மிச்சத்தை நிறையத் தண்ணீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கொட்டிவிடுங்கள். அதன்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

நீங்கள் எடுத்த வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், சரியான கல். ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர் வைத்திருக்கும் ஊர் இது. ஏற்காடு மலையடிவாரத்தில் கிடைக்கும் இந்தக் கல்லை நம் பிள்ளைகள் ஆய்வகத்தில் தொடாமலே பள்ளியை முடித்துப் போவது எனக்கு நெடுநாள் வருத்தம்.

வெள்ளைக்கல் என்பது மெக்னீசியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லைப் போல் குளிர்ந்த அமிலத்தில் பொங்காது. மாவாக இடித்து, சூடான நீர்த்த அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள், நுரைக்கும்.

இரண்டாம் நாள் உங்களை ஏமாற்றியது அந்த மிஞ்சிய தூள். திடப்பொருள் கரையாமல் நின்றால் அமிலம் தீர்ந்தது என்று பாடப்புத்தகம் சொல்வது சுத்தமான கார்பனேட்டுக்குப் பொருந்தும். சேலத்துக் கல்லில் சிலிக்கா, அதாவது மணல் வகை, உண்டு. அது இந்த அமிலத்தில் கரையாது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அந்த மணலாகத்தான் இருக்கும். அமிலம் மிச்சமிருந்திருக்கிறது. காய்ச்சும்போது தண்ணீர் போய்விடும், கந்தக அமிலம் போகாது. கிண்ணத்திலேயே அடர் அமிலமாகிவிடும்.

ஆகவே அமிலம் தீர்ந்ததா என்று பார்க்க மிஞ்சிய தூளை நம்பாதீர்கள். புதிதாக ஒரு சிட்டிகைத் தூள் போட்டால் சூட்டிலும் குமிழி வரக்கூடாது. நீல லிட்மஸ் சிவக்கக்கூடாது. 1 மோலார் செறிவுள்ள அமிலம் 100 மி.லி.க்குச் சுத்தக் கார்பனேட் 8.4 கிராம் போதும். நம் கல்லுக்கு 12 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வடித்த நீரை மூன்றில் ஒரு பங்காகும்வரை காய்ச்சுங்கள். கண்ணாடிக் கோலை நனைத்து வெளியே பிடித்தால், ஆறும்போது நுனியில் படிகம் அரும்பும். அப்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். மூடி வைத்தால் காலையில் ஊசி ஊசியாக நிற்கும், அதுதான் பேதி உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட். முழுவதும் கிடைத்தால் 24.6 கிராம். அதில் பாதிக்கு மேல் படிகத்துக்குள் பிணைந்திருக்கும் படிகநீர் என்பதால் வெயிலில் காய வைக்காதீர்கள், வெளிறிப் பொடிந்துவிடும். வடிதாளில் ஒற்றி எடுங்கள்.

அடுத்த வாரம் சோடியம் உப்புக்குப் போவீர்கள். சோடியம் கார்பனேட் தண்ணீரில் கரையும், மிஞ்சினால் வடிகட்ட வழியில்லை. அன்றைக்கு அமிலத்தை அளந்து சொட்டுச் சொட்டாக விட பியூரெட் என்ற அளவுக் குழாயை எடுத்துவிடுங்கள்.