நோட்டில் நாற்பது யோசனை, கையில் 15,000 ராண்ட்: எதில் பணம் போடலாம்?

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 34, தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். டர்பன் துறைமுகம் பக்கம் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை, மாதம் 24,000 ராண்ட் சம்பளம். தோன்றுகிற தொழில் யோசனைகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன், நாற்பது ஆகிவிட்டது. கப்பல் பட்டியலைப் பார்த்து முன்னோரின் ஊரைச் சொல்லும் வெப்சைட், புள்ளிக்கு ஒரு ராண்ட் வீதம் விற்கும் பத்து லட்சம் புள்ளிக் கோலம், துறைமுக லாரி வரிசையைக் காட்டும் ஆப், புரட்டாசிக்கு மட்டும் சாப்பாட்டு டப்பா (மாமியாரும் அவர்கள் தங்கச்சியும் சமைப்பார்கள்), ஆளில்லாத மசாலா அலமாரி (வேண்டியதை எடுத்துக்கொண்டு மனசுக்குத் தோன்றியதை உண்டியலில் போடலாம்), இப்படி. வெப்சைட் செய்துதர ஒரு டெவலப்பர் 45,000 கேட்கிறார். என்னிடம் 15,000 இருக்கிறது. மீதி 30,000-ஐ பென்ஷன் ஃபண்டின் ‘சேவிங்ஸ் பாட்’ என்ற சேமிப்புப் பானையிலிருந்து எடுக்கலாமா? வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

பதில்: தங்கச்சி, நோட்டை மூடாதீர்கள், பென்ஷன் பானையைத் திறக்காதீர்கள். யோசனை வருவதற்குக் காசு வேண்டாம், அதற்குப் பணம் கொடுக்க ஓர் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கும் பெரிய காசு வேண்டாம். அந்த ஆளைப் பார்க்கும் முன்பே டெவலப்பருக்குச் செக் எழுதுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம். 2024 செப்டம்பர் 1-இலிருந்து வந்த ‘டூ-பாட்’ (இரண்டு பானை) பென்ஷன் முறையில், நாம் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானையில் விழுகிறது, அதை வரி ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம், சரி. ஆனால் எடுக்கும் தொகை அந்த ஆண்டுச் சம்பளத்தோடு சேர்ந்துதான் வரிக்கு வரும். உங்கள் சம்பளத்துக்கு 26 சதவீதம். 30,000 எடுத்தால் 7,800 வரிக்குப் போய்விடும், நிர்வாகக் கட்டணமும் பிடிப்பார்கள், கைக்கு வருவது 22,200-க்கும் கீழே. 15,000-ஐச் சேர்த்தாலும் 45,000 வராது, மிச்சத்துக்கு கிரெடிட் கார்டைத் தேய்ப்பீர்கள். அதே 30,000-ஐத் தொடாமல் விட்டால், ஆண்டுக்கு 6 சதவீதக் கூட்டு வளர்ச்சி என்று வைத்தாலே நீங்கள் அறுபது வயதைத் தொடும்போது 1,36,000 ராண்டைத் தாண்டும். உங்கள் 15,000-உம் ஒரு மாதச் சம்பளத்துக்குக்கூடக் காணாது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, கார் நின்றுவிட்டது என்றால் அதுதான் கைகொடுக்க வேண்டும். அதிலிருந்து 3,000-ஐ மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், நோட்டில் உள்ள நாற்பதுக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த யோசனைக்கு வருகிறேன், அந்தக் கப்பல் பட்டியல். 1860 நவம்பர் 16-ஆம் தேதி மெட்ராஸிலிருந்து டுரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறங்கினார்கள், ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், ஜில்லா என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். தேட ஆள் இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம், எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு பெரியவர் “நம்ம ஊர் எதுன்னு தெரியலையே” என்று சொல்லாமல் இருப்பதில்லை. ஆனால் முனுசாமி என்ற பெயரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஊர்ப் பெயர் அதைவிட மோசம், ஒரே எழுத்துக்கூட்டில் மூன்று கிராமம் வரும். என் பாட்டியின் பழைய கல்யாணச் சான்றிதழ் இரும்புப் பெட்டியின் அடியில் நாலாக மடித்துக் கிடந்தது, மடிப்பு விழுந்த இடத்தில் அந்தக் கப்பல் பட்டியல் எண்ணின் கடைசி இலக்கம் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. பெரியம்மா ஒரு கதை சொல்லி, மாமா இன்னொரு பெயரை நினைவுபடுத்தி, அப்படித்தான் அது ஏழு என்று முடிவாயிற்று. இந்த வேலையை எந்த வெப்சைட் செய்யும்?

அதனால் வெப்சைட் வேண்டாம், நீங்களே அந்த வெப்சைட்டாக இருங்கள். குடும்பக் குரூப்பிலும் கோயில் குரூப்பிலும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள்: “சான்றிதழ் படம் அனுப்புங்கள், தேடித் தருகிறேன், 300 ராண்ட், கிடைக்காவிட்டால் பாதி திருப்பித் தருவேன்.” பத்துக் குடும்பத்துக்குக் கையால் தேடிக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள், அக்கவுண்ட்ஸ் கைக்கு அது சுலபம். பத்து பேர் பணம் கட்டினார்கள், ஒன்றுக்கு இரண்டு மணி நேரம்தான் ஆனது என்றால், எந்த இடத்தில் மெஷின் உதவும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும், அப்போது டெவலப்பரிடம் நீங்கள் கேட்பது 45,000 ராண்ட் வேலையாக இருக்காது. யாருமே 300 கொடுக்கவில்லை, “சும்மா பார்த்துச் சொல்லேன்” என்றுதான் கேட்கிறார்கள் என்றால், டெவலப்பருக்குப் போகவிருந்த 45,000 ராண்ட் மிச்சம். ஒரு எச்சரிக்கை: உயிரோடு இருப்பவர்களின் அடையாள எண், முகவரி, சான்றிதழ் படம் இதெல்லாம் உங்கள் போனில் சேரும், 2021 ஜூலை முதல் அமலில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் கட்டும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

ஆனால் சீக்கிரம் காசு பார்க்கக்கூடியது புரட்டாசி டப்பாதான். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை நம் வீடுகளில் பாதி கறி மீனைத் தொடாது, சட்டி பானையெல்லாம் கழுவித் தனியாக வைத்துவிடுவோம், ஆனால் மதியம் ஆபீஸில் இருப்பவர் என்ன செய்வார்? நாள் கிழமை தெரிந்த, வருஷா வருஷம் தவறாமல் வரும் தேவை இது. கணக்கு: 20 பேர், 20 வேலை நாள், டப்பா 55 ராண்ட் என்றால் 22,000. சாமான், டப்பா, பெட்ரோல் எல்லாம் 32 என்று வைக்கிறேன் (உங்கள் மளிகை பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்), அது 12,800. மாமியாரும் அவர்கள் தங்கச்சியும்தான் சமைப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அவர்கள் உழைப்பு சும்மா வருவதாக நினைத்துவிடாதீர்கள், ஆளுக்கு நாளுக்கு 160 கொடுங்கள், 6,400. மிச்சம் 2,800. சின்னத் தொகைதான், ஆனால் நிஜத் தொகை. முதலில் ஒரே ஒரு வாரம், பத்துப் பேர், பணம் முன்கூட்டியே. விற்பனைக்குச் சமைப்பதால் எதெக்வினி (டர்பன்) மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவில் சமையலறைக்கான சான்றிதழ் வாங்க வேண்டும், அதை ஜூலையிலேயே விசாரித்துவிடுங்கள்.

லாரி வரிசை ஆப்? பேஹெட் ரோட்டில் லாரிகள் நிற்பதை நானும் பார்க்கிறேன், நல்ல யோசனைதான். ஆனால் அது உங்கள் முதலாளியின் தொழிலுக்குள்ளேயே வருகிறது. வேலை ஒப்பந்தத்தில் கண்டுபிடிப்புகள் யாருக்குச் சொந்தம் என்ற பத்தியைப் படிக்காமல் வாயைத் திறக்காதீர்கள். நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2000-இல் வோடாகாம் என்ற செல்போன் கம்பெனியில் பயிற்சிக் கணக்காளராக இருந்த என்கோசானா மகாட்டே, போனில் காசு இல்லாதவர்களும் ‘ப்ளீஸ் கால் மீ’ (எனக்குப் போன் செய்யுங்கள்) என்ற செய்தியை அனுப்பலாம் என்ற யோசனையைச் சொன்னார், பங்கு தருவதாக வாய்வார்த்தையாகப் பேச்சு நடந்தது, அவருக்கு நியாயமான தொகை தர வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்ல 2016 ஆகிவிட்டது, தொகை எவ்வளவு என்ற வழக்கு அதற்குப் பிறகும் பல வருஷம் நடந்தது. அவரும் உங்களைப் போல் அக்கவுண்ட்ஸ் ஆள்தான். எதைச் சொன்னாலும் எழுத்தில், தேதியோடு.

கோலம் பற்றி: 2005-இல் இங்கிலாந்தில் அலெக்ஸ் டியூ என்ற 21 வயது மாணவர் ஒரு வெப் பக்கத்தின் பத்து லட்சம் பிக்சலை, ஒன்று ஒரு டாலர் என்று சில மாதத்தில் விற்றார். அப்போது விற்றது அதன் புதுமை. பின்னால் அதே மாதிரி ஆரம்பித்த பலருக்கு அது கூடிவரவில்லை. உங்கள் கோலத்தைத் தொழிலாக எண்ணாமல் கோயில் கூரை நிதிக்குப் பத்தாயிரம் புள்ளியாகச் சுருக்கினால் நானே நூறு புள்ளி வாங்குவேன்.

மசாலா அலமாரியைக் கட்டாயம் வையுங்கள். 400 ராண்டுக்கு மேல் வேண்டாம், திரும்பி வராத காசு என்றே எழுதிவிடுங்கள். எந்தப் பொட்டலம் முதலில் தீர்கிறது, உண்டியலில் எவ்வளவு விழுகிறது என்று வாரா வாரம் நோட்டில் குறியுங்கள். வீட்டுக்காரரிடம் உண்டியலை எண்ணச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இவற்றில் எதிலாவது லாபம் வர ஆரம்பித்தால் சம்பளத்தில் பிடிக்கும் வரி மட்டும் போதாது, புரொவிஷனல் டாக்ஸ் (நாமே கணக்குப் போட்டு முன்கூட்டிக் கட்டும் வரி) வரும், கட்ட வேண்டிய ஆகஸ்ட் கடைசியும் பிப்ரவரி கடைசியும் நினைவிருக்கட்டும். டெவலப்பரிடம் இப்போதைக்கு ‘அக்டோபர் கழித்துப் பேசுகிறேன்’ என்று மட்டும் சொல்லிவையுங்கள், அட்வான்ஸ் கேட்டால் கொடுக்க வேண்டாம்.