முதலீட்டு வங்கிகளும் பங்குச் சந்தைகளும் ஏன் மெல்ல உயர்ந்து விரைவாகச் சரிகின்றன?

நூற்றைம்பது ஆண்டுகள் நிலைத்து நின்ற ஒரு முதலீட்டு வங்கி ஒரே வார இறுதியில் எவ்வாறு இல்லாமற் போகிறது என்றும், கொழும்புப் பங்குச் சந்தை இன்றைய உயரத்தில் நிற்பது பாதுகாப்பானதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர்களின் கடன் கணக்குகளைக் கவனிக்கும் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் ஒரே விடைதான் உண்டு. நாளை காலையே திருப்பிக் கேட்கப்படக்கூடிய கடனை வைத்துக்கொண்டு, நாளை காலை நல்ல விலைக்கு விற்க முடியாத சொத்தை வாங்கி வைத்திருப்பவர், அவர் வங்கியானாலும் தனிமனிதரானாலும், கடன் கொடுத்தவரின் மனநிலைக்குக் கட்டுப்பட்டவராகிவிடுகிறார்.

முதலில் லீமன் பிரதர்ஸ். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பருத்தி வணிகத்திலிருந்து வளர்ந்து, 1850 இலிருந்து அந்தப் பெயரில் இயங்கிய முதலீட்டு வங்கி, அதாவது பொதுமக்களின் வைப்புகளை நம்பாமல் பங்கு, பத்திர வணிகத்தில் ஈடுபடும் நிறுவனம் அது. 2007 இறுதியில் அதன் ஐந்தொகையில் ஏறத்தாழ 691 பில்லியன் டொலர் சொத்து இருந்தது. உரிமையாளர் மூலதனமோ 22.5 பில்லியன் டொலர் மட்டுமே. அதாவது ஒரு டொலர் சொந்தப் பணத்துக்கு முப்பது டொலருக்கும் மேற்பட்ட சொத்து. சொத்தின் மதிப்பு மூன்று நான்கு சதவீதம் குறைந்தாலே மூலதனம் முழுவதும் கரைந்துவிடும் என்பதைக் கணக்கியல் படிக்கும் மாணவன்கூடச் சொல்லிவிடுவான். ஆனாலும் அந்த விகிதத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது கடனின் தவணைதான். அடுக்குமாடிக் கட்டடங்கள், வீட்டுக் கடன் பத்திரங்கள் எனப் பல ஆண்டுகள் காத்திருந்தால்தான் பணமாகும் சொத்துகளுக்கு எதிரே, அன்றாடம் புதுப்பிக்க வேண்டிய மீள்கொள்வனவுக் கடன்கள் (பத்திரங்களைத் திருப்பி வாங்குவதாக உறுதிகூறி விற்றுப் பெறும் கடன்கள்) நின்றன. காலாண்டு முடிவில் அந்தக் கடன் சுமை குறைந்ததுபோலத் தோன்ற, சுமார் 50 பில்லியன் டொலர் சொத்தைக் கணக்கு ஏட்டிலிருந்து சில நாட்களுக்கு அகற்றிவைக்கும் உத்தியையும் அந்நிறுவனம் கையாண்டது. 2008 செப்டெம்பர் 15 அன்று அது முறிவு மனுத் தாக்கல் செய்தது.

லீமனைவிடத் தெளிவான சான்று, அதே ஆண்டு மார்ச் மாதத்தில் வீழ்ந்த பெயார் ஸ்டேர்ன்ஸ் என்ற முதலீட்டு வங்கி. திங்கட்கிழமை அதன் கையில் ஏறத்தாழ 18 பில்லியன் டொலர் ரொக்க இருப்பு இருந்தது. வியாழக்கிழமை இரவு அது 2 பில்லியனாகச் சுருங்கியிருந்தது. சட்டம் கோரிய மூலதன அளவு அப்போதும் குறையவில்லை என்று மேற்பார்வை செய்த அமெரிக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவரே பின்னர் எழுதினார். அவர் சொன்னது சரிதான், ஆனால் அந்த அளவுகோல் தவறான இடத்தை அளந்துகொண்டிருந்தது. கடன் கொடுத்தவர்கள் நல்ல பிணையைக்கூட ஏற்க மறுத்தபோது மூலதன விகிதம் யாருக்கும் சோறு போடவில்லை. ஓராண்டுக்கு முன் 170 டொலர் வரை விற்ற அந்தப் பங்கை ஜே.பி. மோர்கன் வங்கி முதலில் 2 டொலருக்குக் கேட்டது. எதிர்ப்புக்குப் பின் 10 டொலர் என்று முடிவாயிற்று. லீமன் வீழ்ந்த வாரம் மற்றொரு முதலீட்டு வங்கியான மெரில் லிஞ்ச் விற்கப்பட்டது. எஞ்சிய கோல்ட்மன் சாக்ஸும் மோர்கன் ஸ்டான்லியும் செப்டெம்பர் 21 அன்று சாதாரண வங்கிகளைப் போல மத்திய வங்கியின் மேற்பார்வைக்குள் வந்தன. அத்துடன் வோல் ஸ்ட்ரீட்டின் ஐந்து பெரிய தனி முதலீட்டு வங்கிகளின் காலம் முடிந்தது.

இவ்வளவு கடனை ஏற்க அவர்களுக்கு எப்படித் துணிவு வந்தது என்ற கேள்வியையும் தவிர்க்கக் கூடாது. 1970 வரை நியூயோர்க் பங்குச் சந்தையின் உறுப்பினர் நிறுவனங்கள் பொதுமக்களுக்குப் பங்கு விற்க அனுமதிக்கப்படவில்லை, அவற்றில் பல பங்குடைமைகளாகவே இருந்தன. பங்குடைமையில் நட்டம் வந்தால் பங்காளிகளின் வீடும் நிலமும் போகும். பின்னர் மெரில் லிஞ்ச் 1971 இலும், மோர்கன் ஸ்டான்லி 1986 இலும், கோல்ட்மன் 1999 இலும் பொதுமக்களுக்குப் பங்கு விற்றன. இலாபத்தின் பெரும்பகுதி ஆண்டுதோறும் ஊக்கத்தொகையாக உள்ளிருப்பவர்களுக்குச் சென்றது. நட்டமோ வெளியிலிருந்த பங்குதாரருக்கு. இந்த மாற்றத்தை நான் மற்ற எந்தச் சட்டத் தளர்வைவிடவும் முக்கியமாகக் கருதுகிறேன்.

இதை அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நம்பிக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி, கோப்பியை இலைநோய் அழித்த பின் 1884 இல் மூடப்பட்டது. மக்கள் கையிலிருந்த அதன் நோட்டுகளுக்கு ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசின் உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது. அதைவிட நம்மவர்களுக்கு நெருக்கமானது செட்டியார் தெருவின் வரலாறு. கொழும்பிலிருந்த பிரித்தானிய வங்கிகள், சிராப்பு என அழைக்கப்பட்ட தரகரின் பொறுப்பில், நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குக் குறுகிய தவணைக் கடன் கொடுத்தன. செட்டியார்கள் அந்தப் பணத்தை வியாபாரிகளுக்கும் தென்னந்தோட்ட உரிமையாளர்களுக்கும் கொடுத்தனர். 1925 இல் பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிந்ததும், ஒழுங்காக நடந்துகொண்டிருந்த மற்றவர்களுக்கும் வங்கிகள் கடனைச் சுருக்கின. தென்னந்தோட்டத்தை உடனே பணமாக்க முடியாது. வங்கியோ பணத்தை உடனே கேட்டது. கட்டமைப்பில் இதற்கும் பெயார் ஸ்டேர்ன்ஸின் கடைசி வாரத்துக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. உள்நாட்டவர் கடன் பெறப் படும் சிரமத்தை 1934 இல் இலங்கை வங்கித்துறை ஆணைக்குழு ஆராய்ந்ததும், 1939 இல் இலங்கை வங்கி தொடங்கப்பட்டதும் இதன் தொடர்ச்சியே.

இனி நமது பங்குச் சந்தை. 2009 தொடக்கத்தில் 1,500 அளவில் நின்ற அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், போர் முடிந்த பின் ஏறிக்கொண்டே போய், 2011 பெப்ரவரியில் 7,800 ஐத் தாண்டியது. அந்த உயர்வில் உண்மையான நம்பிக்கையும் இருந்தது, தரகர் கொடுத்த கடனும் இருந்தது. பத்து லட்சம் ரூபா சொந்தப் பணமும் பத்து லட்சம் ரூபா கடனும் சேர்த்து ஒருவர் இருபது லட்சத்துக்குப் பங்கு வாங்கினார் என்று கொள்ளுங்கள். விலை முப்பது சதவீதம் இறங்கினால் பங்கின் மதிப்பு பதினான்கு லட்சம். கடன் அப்படியே பத்து லட்சம். சொந்தப் பணம் நான்கு லட்சமாகிவிடும். கடன் பங்கின் மதிப்பில் பாதிக்கு மேற்போகக் கூடாது என்பது நிபந்தனையானால், அவர் மூன்று லட்சம் ரூபாவைக் கொண்டுவந்து கட்ட வேண்டும். இல்லையேல் ஆறு லட்சம் ரூபா பெறுமதியான பங்குகளை அந்த விலையிலேயே விற்க வேண்டும். ஒரே பங்கை வைத்திருக்கும் பலருக்கும் ஒரே நாளில் பணம் கட்டச் சொல்லும் தரகரின் அழைப்புப் போனால், விற்பனையே விலையை மேலும் இறக்கி, அடுத்த வரிசையில் நிற்பவருக்கும் அழைப்பை அனுப்பும். அத்தகைய நாட்களில் தொலைபேசியின் மறுமுனையில் பேசிய ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைக்காரர்களையும் நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. அவர்கள் தெரிந்தெடுத்த கொம்பனிகளில் பல நல்ல கொம்பனிகளே.

தரகர் கடனுக்கு, நமது சந்தையை ஒழுங்குபடுத்தும் இலங்கைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு வரம்பு விதித்தபோது செல்வாக்குள்ள முதலீட்டாளர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது, காலக்கெடுவும் நீட்டப்பட்டது. 2011 டிசம்பரிலும் 2012 ஓகஸ்டிலும் ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர் அடுத்தடுத்துப் பதவி விலகினர். இதற்கிடையே, 2012 நடுப்பகுதியில், சுட்டெண் 5,000 க்குக் கீழே வந்திருந்தது. சந்தையைச் சரித்தது கட்டுப்பாடுதான் என்று அன்று பலர் வாதிட்டனர். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. கடன் தளர்ந்தபோது ஏறிய விலை, கடன் இறுகியபோது இறங்கியது.

2022 இல் நடந்தது இதனினும் கொடியது. ஜனவரியில் 13,000 ஐத் தாண்டிய சுட்டெண், நாட்டின் டொலர் கையிருப்பு தீரத் தீர இறங்கியது. ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஏப்ரல் 12 அன்று அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. புத்தாண்டு விடுமுறைக்குப் பின் சந்தை ஒரு வாரம் மூடியே வைக்கப்பட்டு, 25 ஆம் திகதி திறக்கப்பட்டபோது சுட்டெண் 12 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்து வணிகம் நிறுத்தப்பட்டது. கடனின்றி வாங்கியிருந்தவர்களும் நட்டத்தைக் கண்டனர், ஆனால் அவர்களால் காத்திருக்க முடிந்தது. கடனுக்கு வாங்கியவர்களின் பங்குகள் அந்த அடிமட்ட விலையிலேயே கைமாறின. 2025 இல் சுட்டெண் 20,000 ஐத் தாண்டியபோது அந்த ஏற்றத்தில் அவர்களுக்குப் பங்கில்லை.

ஆகவே இன்றைய சுட்டெண்ணின் உயரத்தை மட்டும் பார்த்துப் பாதுகாப்பானதா என்று என்னால் சொல்ல இயலாது. 2023 இலிருந்து வட்டி வீதம் இறங்கியதும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம். வட்டி திரும்ப ஏறும்போது கடனுக்கு வாங்கியவரே முதலில் விற்பார். நீங்கள் வங்கிப் பங்கு வாங்க எண்ணினால், ஆண்டறிக்கையின் இலாபப் பக்கத்துக்கு முன், சொத்துகளையும் பொறுப்புகளையும் தவணைவாரியாகப் பிரித்துக் காட்டும் குறிப்பைத் தேடி வாசியுங்கள். மூன்று மாதங்களுக்குள் செலுத்த வேண்டிய தொகையையும், அதே காலத்தில் கைக்கு வரும் தொகையையும் அடுத்தடுத்த நிரல்களில் காணலாம். வைப்பாளர்கள் பெரும்பாலும் தவணையைப் புதுப்பிப்பார்கள் என்பதால் அங்கே இடைவெளி இருப்பது வழமை. அது ஆண்டுக்கு ஆண்டு அகன்றுகொண்டே போவதையும், வைப்புகளின் இடத்தைப் பிற நிறுவனங்களிடம் வாங்கிய குறுகிய தவணைக் கடன் பிடித்துக்கொள்வதையும் கண்டால், நான் அந்தப் பங்கை வாங்குவதில்லை.